விலக்கி அறிந்த விண்தூசி

வானிலிருந்து உதிரும் தூசியைத் தேடுவோர் அண்டார்ட்டிக்காவின் பனிக்கோ ஆழ்கடலின் அடிச்சேற்றுக்கோதான் செல்லவேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய எண்ணம். 1870களில் சாலஞ்சர் கப்பல் அள்ளிவந்த கடலடிப் படிவிலிருந்து ஜான் மர்ரே காந்தத்தால் நுண்ணுருண்டைகளைப் பிரித்தெடுத்த நாளிலிருந்து தொடரும் மரபு அது. அதில் நியாயமும் உண்டு. நகரத் தூசியில் வெல்டிங் பொறியும் உருண்டை, நிலக்கரிச் சாம்பலும் உருண்டை. இவற்றில் பலவும் காந்தத்தில் ஒட்டுபவை.

இவ்வெண்ணத்தை அசைத்தவர் நார்வே நாட்டு ஜாஸ் கிதார் கலைஞர் யோன் லார்சன். 2009இல் காலை உணவு மேசையில் மின்னிய ஒரு கரும்புள்ளியில் தொடங்கியது அவரது தேடல். இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதை ஓர் இசைக்கலைஞரின் கனவாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். எமக்கு அதில் உடன்பாடில்லை. அவர் செய்தது கனவுக்கு நேரெதிரான காரியம். விண்துகள் அல்லாத ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியின்கீழ் வைத்து, படமெடுத்து, வகைப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். எது அதுவல்ல என்று கண் பழகிய பின்னரே எது அது என்பது புலப்பட்டது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேத்யூ ஜெஞ்ச் முதலில் அவரை ஐயத்துடனேயே பார்த்தார். முன்னர் பலர் கொண்டுவந்தவை தொழிற்சாலைத் துகள்களாகவே முடிந்திருந்தன. அந்த ஐயத்தைச் செருக்கென்று நாம் கொள்ளவேண்டியதில்லை (துறைசாராதோர் மீது பரிவு கொள்ளும் நமக்கு அந்த ஆசை எழும் என்பதும் உண்மையே). வளிமண்டலத்தில் உருகி நொடிகளில் உறைந்ததால் வரிவரியாய் நின்ற ஒலிவின் படிகங்கள், அவற்றிடையே மேக்னடைட், சிலவற்றில் நிக்கல் கலந்த இரும்புமணி: இவையே இறுதியில் அவரை இணங்கவைத்தன. ஓஸ்லோ, பாரிஸ், பெர்லின் நகரங்களின் கூரை வடிகால்களில் சேர்ந்த 300 கிலோ கசடிலிருந்து கிடைத்தவை ஏறத்தாழ 500 துகள்கள்; ஒவ்வொன்றும் சுமார் 0.3 மில்லிமீட்டர். 2017இல் 'ஜியாலஜி' ஆய்விதழ் அம்முடிவுகளை அச்சிட்டது.

இன்றோ, மொட்டைமாடியில் காந்தத்தை உருட்டி, ஒட்டியதெல்லாம் விண்துகள் என்று காட்டும் காணொளிகளுக்குக் குறைவில்லை. லார்சன் ஒதுக்கித் தள்ளிய குவியலைத்தான் அவை கொண்டாடுகின்றன.

பனியிலும் கடலடியிலும் கிடைப்பவை பெரும்பாலும் பழையவை. வடிகால்களை அவ்வப்போது துப்புரவு செய்வதால், இந்த 500இல் பெரும்பாலானவை விழுந்து ஆறாண்டுகளுக்குமேல் ஆகியிராது என்று ஜெஞ்ச் கணித்தார்.