தோற்பதற்கும் உரிமை வேண்டும்

இந்த ஆண்டும் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டோம். ஐந்துக்கு ஒன்று. அந்த ஒரு கோலும் எதிரணிக்காரர் காலில் பட்டு உள்ளே போனதுதான். அதற்கே நாங்கள் ஆறு பேரும் போட்ட சத்தத்தில், மைதானத்துக்கு வெளியே டீ விற்றுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "ஜெயிச்சிட்டாங்களாப்பா?" என்று கேட்டார். "இல்லம்மா, ஒரு கோல் போட்டுட்டாங்க" என்றோம்.

நாங்கள் என்றால், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட கிராமங்களிலிருந்து வந்து, அரசுக் கல்லூரி ஒன்றில் படித்து, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி, பிறகு இயக்க வேலைக்கு வந்தவர்கள். ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் பள்ளி ஆசிரியர், மற்றவர்கள் கிடைத்த வேலையோடு இயக்கப் பணியும் செய்கிறவர்கள். படித்த காலத்தில் பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை. எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி எங்கே ஆடினாலும் எங்களில் யாராவது போய் நிற்போம். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு கல்லூரியின் குறை என்றால் பெயர் சொல்லித் திட்டிவிட்டுப் போய்விடலாம். நாங்கள் பேசப்போவது அரசுக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் படும் பாட்டைப் பற்றி.

அந்தக் காலத்தில் நாங்கள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தோம். போட்டி என்றால் பெரும்பாலும் வேலூர்ப் பக்கம். விழுப்புரம் சந்திப்பில் காட்பாடி பாசஞ்சரைப் பிடித்து, திருவண்ணாமலை வழியாகப் போவோம். 2021-இல் விழுப்புரத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்தது. வந்த ஆண்டே அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். இப்போது கடலூர் வழியாகச் சிதம்பரம் போகிறோம். பல்கலைக்கழகம் மாறியது, ரயில் மாறியது. முடிவு மாறவில்லை.

இந்த முறை திரும்பி வரும் ரயிலில், எங்களோடு வந்திருந்த முதலாமாண்டு மாணவத் தோழர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, ஜெயிக்கவே ஜெயிக்காத டீமுக்கு ஏன் இப்படி அலையிறீங்க? மேல்பாதிக்குப் போக வேண்டிய நேரத்துல மைதானத்துக்குப் போறது சரியா?" நேர்மையான கேள்வி. 2023-இல் விழுப்புரத்துக்குப் பக்கத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நம் மக்களை விட மறுத்து, கோயிலுக்கே சீல் வைக்கும் நிலை வந்தபோது நாங்களும் அங்கே போய் நின்றவர்கள்தான். அந்தத் தோழருக்கு ரயிலில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இது அந்தப் பதில்.

முதலில், ஏன் தோற்கிறோம்? திறமை இல்லாததால் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் எங்களோடு மைதானத்துக்கு வரட்டும். உப்பளத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை செய்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் காலில் வலு இல்லையா? மூச்சு இல்லையா? முதல் 45 நிமிடம் எங்கள் பையன்கள் யாருக்கும் சளைக்காமல் ஓடுவார்கள். இடைவேளைக்குப் பிறகுதான் கோல் கோலாக வாங்குவோம். இது ஆண்டுக்கு ஆண்டு அப்படியே நடக்கிறது.

காரணம் தட்டில் இருக்கிறது. விடுதியில் தங்கும் கல்லூரி மாணவருக்கு உணவுக்கென அரசு தந்தது மாதம் 1,100 ரூபாய். 2023-இல் அதை 1,500 ஆக உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து. முழு ஆட்டம் ஆடும் ஒரு கால்பந்து வீரர் 10 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். 50 ரூபாய்ச் சாப்பாட்டில் 10 கிலோமீட்டர் ஓடு என்கிறோம். 2025-இல் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயரை வரவேற்கிறோம். அந்தச் சமூகநீதி முட்டையாகவும் பயறாகவும் தட்டில் விழ வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

அடுத்தது நேரம். வசதியுள்ள கல்லூரியில் மாலை நான்கு மணிக்குப் பயிற்சி தொடங்கும். எங்கள் பையன்களுக்கு நான்கு மணிக்குத்தான் இன்னொரு வேலை தொடங்கும். முகூர்த்த நாள் என்றால் கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலை, இல்லையென்றால் மூட்டை தூக்கும் வேலை, கடையில் நிற்கும் வேலை. இரண்டாமாண்டு முடிவதற்குள் சிலர் ஒரகடம், செய்யாறு பக்கம் கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரே பதினொரு பேர் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து ஆடி நாங்கள் பார்த்ததே இல்லை.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அணிக்கு நல்ல கோல்கீப்பர் ஒருவர் இருந்தார். ஒரு காலைப் போட்டியில் கையில் வந்த பந்தை நழுவவிட்டார். சின்னப் பையன்கூடப் பிடித்திருப்பான். எங்களில் ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்று, "தூங்குறியாடா?" என்று கத்தினார். பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, முந்தின இரவு முழுக்க மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, அங்கிருந்து நேராக மைதானத்துக்கு வந்திருக்கிறான். உண்மையிலேயே தூங்காமல்தான் நின்றிருக்கிறான். அடுத்த ஆண்டு அவன் அணிக்கு வரவில்லை. கல்லூரிக்கும் வரவில்லை. போய்த் தேடியிருக்க வேண்டும். நாங்கள் தேடவில்லை. ஊர் ஊராக உரிமை பேசுகிற எங்களுக்கு, கண்ணெதிரே நின்ற ஒரு பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் எங்களை விடவில்லை.

இரண்டாவது, இந்த நாட்டில் யாருக்குத் தோற்க அனுமதி இருக்கிறது? காசுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு போட்டியில் தோற்றால் அது அனுபவம். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். நம் பிள்ளை தோற்றால், "இவனுங்களுக்கு எதுக்கு விளையாட்டு" என்ற பேச்சு உடனே வரும். 2021 டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது நினைவிருக்கிறதா? அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் வந்தனா கட்டாரியா. தோற்ற அன்றே ஹரித்வார் அருகே இருக்கும் அவர் வீட்டு வாசலில் சாதி வெறியர்கள் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று குடும்பத்தைத் திட்டினார்கள். ஆடியது மொத்த அணி. தோல்வியைச் சுமக்க ஒரு தலித் வீடு.

நாமும் வேறு வகையில் இதே பிழையைச் செய்கிறோம். ஜெயித்தவர்களை மட்டும்தான் கொண்டாடுகிறோம். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகா கபடியில் தங்கம் வென்றபோது நம் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் அவர் படம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குவித்த இடத்திலிருந்து வந்த தங்கம் அது. ஆனால் தங்கம் வாங்கினால்தான் நம் பிள்ளை மதிப்புள்ள பிள்ளை என்றால், வாங்காத ஆயிரம் பேரை யார் பார்ப்பது? சமத்துவம் என்பது நம்மில் ஒருவர் உச்சிக்குப் போவது மட்டும் இல்லை. நம்மில் சுமாராக ஆடுகிற ஒருவர், தோற்ற பிறகும் அவமானப்படாமல் வீட்டுக்குப் போய், மறுநாள் மறுபடி ஆட வருவதும்தான். அந்த உரிமை மற்றவர்களுக்குப் பிறப்பிலேயே இருக்கிறது.

தோற்கிற அணியோடு நிற்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களைக் கேளுங்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் அணியாக நினைக்கும் அணி அது. மோகன் பகானிடம் தொடர்ந்து 8 டெர்பி ஆட்டங்களில் தோற்றார்கள். கூட்டம் கலையவில்லை. 2023 ஆகஸ்டில் டூராண்ட் கோப்பையில் ஒரே ஒரு கோலில் ஜெயித்தார்கள். அந்தக் கோலைப் போட்டவர் நம் சென்னைக்காரர், நந்தகுமார் சேகர். அத்தனை தோல்வியிலும் வந்து நின்றவர்கள் இருந்ததால்தான் அந்தக் கோலுக்கு அவ்வளவு சத்தம்.

மூன்றாவது, அணி என்றால் என்ன? விழுப்புரம் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட ஊர். இன்றும் ஊரும் காலனியும் தனித்தனிதான். அந்த மண்ணில் ஊர்ப் பையனும் காலனிப் பையனும் ஒரே தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடிப்பதை நாங்கள் எங்கள் அணியில்தான் முதலில் பார்த்தோம். தண்ணீருக்காக மகாத் வரை நடந்தவர்களின் வாரிசுகள் நாம். அது சின்ன விஷயம் இல்லை என்று நமக்குத் தெரியும்.

மைதானத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று கதை விட மாட்டோம். கையில் கலர் கயிறு கட்டிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். சொந்தச் சாதிக்காரனுக்கு மட்டும் பந்தைத் தட்டிவிட்ட ஆட்டத்தையும் பார்த்திருக்கிறோம். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பள்ளிகளுக்குச் சொன்ன அந்தப் பேச்சைக் கல்லூரி மைதானத்துக்கும் நாம் கொண்டுபோக வேண்டும். ஏனென்றால் கால்பந்தில் ஒரு வசதி இருக்கிறது. பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைக் கொடுக்கவில்லை என்றால் நீயும் தோற்பாய். இதைப் பாடம் நடத்திப் புரியவைப்பது கஷ்டம். ஆடினால் ஒரு மாதத்தில் புரியும்.

ராபன் தீவுச் சிறையில் இருந்த தென்னாப்பிரிக்கப் போராளிகளுக்கு இது தெரிந்திருந்தது. கால்பந்து ஆட அனுமதி கேட்டு விடாமல் மனுக் கொடுத்து வாங்கினார்கள். 1966-இல் மக்கானா கால்பந்துச் சங்கம் என்று தொடங்கி, ஃபிஃபா விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு சிறைக்குள்ளேயே லீக் நடத்தினார்கள். வெவ்வேறு கட்சிக்காரர்கள் ஒரே மைதானத்தில் ஆடினார்கள். 2007-இல் ஃபிஃபா அந்தச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. "விடுதலை கிடைத்த பிறகு ஆடிக்கொள்ளலாம்" என்று அவர்கள் சொல்லவில்லை. மேல்பாதியா மைதானமா என்று கேட்ட தோழருக்கு இதுதான் எங்கள் பதில். இரண்டும்.

ஒரு வெட்கக்கேட்டையும் மறைக்க வேண்டாம். எங்கள் கல்லூரியில் இத்தனை பெண்கள் படிக்கிறார்கள், பெண்கள் கால்பந்து அணி இதுவரை இல்லை. பக்கத்து மாவட்டமான கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடியிருக்கிறார். தமிழகப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன். கடலூர்ப் பெண்களுக்கு வந்தது விழுப்புரம், திண்டிவனம் பெண்களுக்கு ஏன் வராது? பயிற்சியாளரும் மைதானமும் பல ஆண்டுகள் விடாமல் இருந்தால் வரும். ஆண்கள் அணிக்காக இத்தனை ஆண்டுகள் கத்திய நாங்கள் இதைக் கேட்காமல் விட்டது எங்கள் குறைதான்.

சரி, என்ன செய்யலாம்? தம்பி தங்கைகளே, உடனே செய்யக்கூடிய மூன்று வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, உங்கள் கல்லூரியில் விளையாட்டுக்கென்று மாணவர்களிடம் கட்டணம் வாங்கினால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். எத்தனை பந்து வாங்கினார்கள், எத்தனை பூட்ஸ், பயணப்படி எவ்வளவு, கடைசியாக எந்த ஆண்டு மைதானத்தைச் சீர்செய்தார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும்.

இரண்டு, விடுதியில் தங்கி விளையாடும் மாணவர்களுக்குக் கூடுதல் உணவுப்படி வேண்டும் என்று மனுக் கொடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கு ஒதுக்கும் பணத்தை வேறு எதற்கும் திருப்பிவிடக் கூடாது என்றுதான் 2024-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அந்தப் பணத்திலிருந்து ஒரு முட்டை கேட்பது பேராசை இல்லை. போட்டிக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. தராமல் அட்டெண்டன்ஸைக் காட்டி மிரட்டினால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மூன்று, போய்ப் பாருங்கள். உங்கள் கல்லூரி அணி ஆடும்போது கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். ஆட்டத்துக்கு முன்பே போய், சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். தோற்றால் திட்டாதீர்கள். அடுத்த ஆண்டு ஒருவர் வரவில்லை என்றால், அவர் வீடு எங்கே என்று தேடிப் போங்கள். நாங்கள் செய்யத் தவறியது அது.

சிதம்பரத்திலிருந்து திரும்பிய அந்த ரயிலில் பையன்கள் அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். கடலூர் தாண்டியதும் ஒருவன் பந்தைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, அடுத்த வருஷம் செகண்ட் ஹாஃப்ல மூச்சு வாங்காம இருக்க என்ன பண்ணணும்?" என்று கேட்டான். அவன் தோல்வியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டான். அவனுக்கு அந்த அடுத்த ஆண்டு கிடைக்க வேண்டும். அதுவரை மண்டபத்துக்கும் கம்பெனிக்கும் போகாமல் அவன் கல்லூரியில் இருக்க வேண்டும். அதற்கான வேலை நம்முடையது.

அடுத்த ஆண்டும் போவோம். நீங்களும் வாருங்கள், கூட்டம் ஆறு பேரோடு நிற்க வேண்டாம்.

ஜெய் பீம்.