இளா, அமுதன், அப்புறம் நான்

நம்ம கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினம் போய் வருகிற சிப்காட் ஆசாமிகளுக்குத் தெரியும். ரயிலில் மூணே சப்ஜெக்ட். சம்பளம், சாம்பார், சினிமா. முதல் இரண்டும் கவரைப்பேட்டை வருவதற்குள் தீர்ந்துவிடும்!

2006-ல் சினிமா என்றால் 'வேட்டையாடு விளையாடு'தான். கௌதம் மேனன் படம். நான் மூணு தடவை பார்த்தேன். கமல் ராகவனாக வந்து விரலை வைத்தே ஊரை அலசினார். நியூயார்க்கில் ஆண்டர்சன் என்றொரு போலீஸ்காரர் துணைக்கு வந்து செத்தும் போனார். ஹாலிவுட்டில் ஹீரோவோடு வருகிற வேற்று நிறத்து நண்பருக்குத்தான் அந்த கதி வரும். நம்ம படத்தில் அது அமெரிக்கருக்கே வந்ததில் எங்கள் கோச்சுக்கு அல்ப சந்தோஷம்.

கொலைகாரர்கள் இரண்டு டாக்டர்கள். இளமாறன், அமுதன். அவர்களைப் பார்த்து ராகவன், நீங்க 'அந்த மாதிரி'யா என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தையை வீசுவார். தியேட்டரில் விசில். அடித்தவர்களில் அடியேனும் உண்டு.

கதை அதோடு முடியவில்லை. எங்கள் கம்பெனியில் இரண்டு பையன்கள். ஒரே ரூம், ஒரே டிபன் கேரியர், ஷிப்ட் கூட மாத்திக்கொண்டு ஒண்ணாகவே வருவார்கள். ஒருநாள் கேன்டீனில், "என்னப்பா, இளாவும் அமுதனும் சாப்டாச்சா?" என்றேன். சாம்பார் வாளிக்காரர் வரைக்கும் சிரித்தார். மறுநாள் முதல் கேட் செக்யூரிட்டி உட்பட எல்லாருக்கும் அவர்கள் இளா, அமுதன்தான். ஆறு மாசத்தில் இரண்டு பேரும் வேலையை விட்டார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

2023-ல் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தது. தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வந்ததும் பயல் கேட்டான்: "பெரியப்பா, இவனுங்க தேடித் தேடிக் கெடுக்கறதும் கொல்றதும் பொண்ணுங்களை. அப்புறம் எதுக்கு அந்தக் கேள்வி?"

மூணு தடவை பார்த்தவனுக்கு இது தோணவே இல்லையே, ஸார்! கொலைக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தமே கிடையாது. வில்லனை இன்னும் கொஞ்சம் அருவருப்பாக்க ஒரு சிட்டிகை மசாலா. அவ்வளவுதான்.

"பொண்ணுங்களும் அப்படித்தான். ஒண்ணு சாகறாங்க, இல்லேன்னா ஹீரோ வந்து காப்பாத்தறார்" என்றான். கயல்விழி செத்தாள். ஆராதனாவை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். சரிதான்.

நான் விடவில்லை. 'அந்த நாள்' பாருடா என்றேன். 1954, ஏவி.எம்., எஸ்.பாலசந்தர் டைரக்ஷன், ஒரு பாட்டுகூடக் கிடையாது. சிவாஜி ஆரம்பத்திலேயே பிணம். (எழுபது வருஷமாச்சு, முடிவைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள்.) சுட்ட துப்பாக்கி மனைவி பண்டரிபாயின் கையில். புருஷன் ஜப்பானுக்கு உளவு சொல்கிறவன். புருஷனா, தேசமா என்று அவள் தவித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பொம்பளை புத்தி என்று யாரும் கேஸை மூடவில்லை. நம்ம தாத்தா காலத்தில் எடுத்த படம்!

பயல் பார்த்துவிட்டு "சூப்பர்" என்றான். பிறகு, "377-ஐ சுப்ரீம் கோர்ட் 2018-லயே மாத்திடுச்சு பெரியப்பா, உங்க கேன்டீன்ல மாத்தினாங்களா?" என்றான். இவனிடம் ஏன்தான் கேன்டீன் கதையைச் சொன்னேனோ!

போன மாசம் மீஞ்சூரில் ஒருவர் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தார். காதோரம் நரை. அதே முகம்.

"சார், இன்னும் அதே கம்பெனியா?"

"ஆமாம்ப்பா... நீ எங்கே?"

"திருவொற்றியூர்ல சொந்தமா லேத் பட்டறை சார். ரெண்டு பேரும்தான் நடத்தறோம்."

மன்னிப்பு மாதிரி ஏதோ ஒண்ணு தொண்டை வரை வந்தது. அதை ஆரம்பிக்க அவர் பேர் வேண்டும். யோசித்தேன். அமுதன் என்பதைத் தவிர எதுவும் வரவில்லை.

அவர் சிரித்தார். "என் பேர் ஞாபகம் இல்லை, இல்லே சார்?"

அத்திப்பட்டு வந்து, எண்ணூரும் வந்துவிட்டது. நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தேன்.