கால்கட்டும் மாத்திரையும்

பெண்ணுக்குச் சித்தம் கலங்கினால் நம் நாட்டில் அதற்கு முதல் வைத்தியன் பூசாரி. இரண்டாவது வைத்தியன் மாப்பிள்ளை. "ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாய்ப் போகும்" என்பது தருவைகுளம் முதல் சென்னைப் பட்டணம் வரையில் ஜாதி மத வித்தியாசமின்றி ஒப்புக்கொள்ளப்பட்ட சாஸ்திரமாய் இருக்கின்றது. மதத்துக்காக மண்டையை உடைத்துக் கொள்ளுகிறவர்கள்கூட இந்த மடமையில் மாத்திரம் சகோதரர்கள்.

இருதுருவ மனநோய் என்று ஒரு வியாதி உண்டு. சில வாரம் தூக்கமற்ற ஆவேசம், ஓயாத பேச்சு, கண்டபடி செலவு. பிறகு எழுந்து உட்காரவும் மனமில்லாத துக்கம். இது பேயுமல்ல, சாபமுமல்ல. மருந்துக்குக் கட்டுப்படும் வியாதி. ஆனால் மாத்திரையால் தேறிய பெண்ணுக்கு, அந்த மாத்திரையை மறைத்தல்லவா கலியாணம் செய்கின்றார்கள்! புருஷன் நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடக்க, அவள் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரை விழுங்க வேண்டியவளாகின்றாள். முழுகாமலிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் விபரீதம் ஆரம்பமாகின்றது.

அம்மாத்திரை வால்புரோயேட்டாக இருக்கலாம். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் 100க்குச் சுமார் 10 பேர் முதுகுத்தண்டு, இருதயம், உதடு முதலியவற்றில் பெரிய குறையோடு பிறக்கின்றார்கள். 100க்கு 30 முதல் 40 பேருக்குப் பேச்சும் அறிவும் வளருவதில் தடை உண்டாகின்றது. முதுகுத்தண்டாகப் போகும் குழாய், கருவுண்டான 4 வாரத்துக்குள் மூடிக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போனதை அவள் கவனிப்பதற்குள் அந்தக் காலம் பெரும்பாலும் கழிந்துவிடுகின்றது. ஆகையால்தான் ஐரோப்பாவில் 2018-இல், பிள்ளை பெறக்கூடிய பெண்ணுக்குத் தக்க கர்ப்பத்தடை இல்லாமல் இதைக் கொடுக்கலாகாது என்று விதித்தார்கள்.

லித்தியத்தால் குழந்தையின் இருதயத்துக்குச் சிறிது அபாயம் உண்டு. அளவு ஏற ஏற அதுவும் ஏறும். எனினும் வால்புரோயேட்டை நோக்க அது குறைவே. கார்பமாசெபின் சாப்பிடுகிறவளுக்கோ கர்ப்பத்தடை மாத்திரையே பலிக்காமல் போகலாம். காப்பர்-டிக்கு அந்தத் தொல்லை இல்லை. இவற்றை அவளுக்கு யார் சொன்னார்கள்?

"அப்படியானால் மாத்திரையைக் கடலில் எறி" என்று கிளம்பும் புத்திசாலிகளும் இருக்கின்றார்கள். திடீரென்று நிறுத்தினால் வியாதி திரும்பும். பிரசவத்துக்குப் பின் வரும் வெறி தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகலாம். கர்ப்பமென்று தெரிந்தால் தானாக நிறுத்தாமல் அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். அதைவிட மேல், பிள்ளை வேண்டுமென்று நினைக்கும்போதே போய் மருந்தை மாற்றிக்கொள்ளுவது, அதுவரையில் கர்ப்பத்தடை. பெங்களூர் நிம்ஹான்ஸில் இப்படிப்பட்ட தாயையும் சேயையும் பிரிக்காமல் வைத்துப் பார்க்க 2009-இலேயே தனிப் பிரிவு திறந்தார்கள்.

இன்னொரு கூட்டம், "இவளுக்கெதற்குப் பிள்ளை, அறுத்துக் கட்டிவிடு" என்கின்றது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை என்று சொல்லிக் கருத்தடை அறுவை செய்வதைத் தடுக்கின்றது. சங்கிலியில் கட்டுவதையும் அதே பிரிவுதான் தடுக்கின்றது. இதே கரையில் வடக்கே ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-இல் சங்கிலியோடு 28 பேர் வெந்து மாண்டதை நாம் மறக்கவில்லை.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல வைத்தியரும் இருக்கின்றார், பிரசவ வைத்தியரும் இருக்கின்றார். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரிடம் காட்டும்படியும், அதைக் காட்டப் போகும்போது மாமியாரை அல்ல, அந்தப் பெண்ணையே பேசவிடும்படியும் தருவைகுளம் தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.