வீடும் இணைய வலையும்

புதுமனை மந்திரிக்க நாம் செல்லும் மாடிவீடுகள் பலவற்றில், இணைய ரூட்டர் வாசலறை மூலையிலேயே இருக்கக் காண்கிறோம். பின்னறையில் படுக்கையாய்க் கிடக்கும் முதியவரோ, அயல்நாட்டிலுள்ள மகனின் முகத்தைக் கைப்பேசியில் தெளிவாய்க் காண இயலாது ஏங்குகிறார். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது; ஆயினும் செங்கற்சுவரும் கான்கிரீட் தளமும் அதனை மிகவும் மெலிவிக்கும். 2.4 அலை சற்றுத் தொலைவு செல்லும், வேகமோ குறைவு. ஆதலின், பூச்சுவேலைக்கு முன்பே மின்கம்பிக் குழாயினின்று விலக்கித் தனிக்குழாய் பதித்து, தளந்தோறும் ‘கேட் 6’ கம்பி இழுத்து, அதன் முனையில் ஆக்சஸ் பாயிண்ட் பொருத்துதல் நலம். அக்கம்பி 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் சுமக்கும். (பின்னர்ச் சுவரை உடைப்பது வீண்செலவன்றோ!) கம்பியின்றி அலையை வாங்கி அனுப்பும் கருவிகள் மலிவே, அவை வேகத்தைப் பாதியாக்குவதும் உண்டு. முதற்கம்பி முதியவர் அறைக்குச் செல்லட்டும். தொலைக்காட்சிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.