எந்தக் கரை என்று கேளுங்கள்

வீட்டுக்கு பைபரா, 4ஜி ரவுட்டரா என்று வாடிக்கையாளர் கேட்டால், மட்டக்களப்பில் இணைப்புக் கொடுப்பவர் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது: வீடு எழுவான்கரையிலா, படுவான்கரையிலா?

எழுவான்கரையில் கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஏ4 வீதியை ஒட்டி வீடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. காத்தான்குடியில் மதிலோடு மதில். ஒரு கம்பத்துப் பெட்டியிலிருந்தே பல வீடுகளுக்கு இழை இழுத்துவிடலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் வயல்களுக்கு நடுவே சிதறிய குடிமனைகள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் வாகனங்களும் பாதைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தன. கம்பிக்கும் அது நெடுந்தூரம்தான்.

ஆகவே அங்கே 4ஜி. டயலொக் 2012 இறுதியில் 2300 மெகாஹேட்ஸில் வீட்டு எல்டிஇ சேவையைத் தொடங்கியது, பிறரும் பின்தொடர்ந்தனர். குறை சொல்ல ஏதுமில்லை, விளம்பரத்தைத் தவிர. 20 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் இரண்டு அன்ரனா கொண்ட சாதாரண எல்டிஇ, செக்கனுக்கு 150 மெகாபிற்றைத் தாண்டாது. அதுவும் எல்லா நிலைமையும் சரியாக அமைந்தால்தான். கோபுரத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும் எல்லோரும் அதையே பங்கிட வேண்டும். ஜிபொன் இழையில் 2.5 கிகாபிற்றை 32 வீடுகள் பகிர்ந்தாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போதுகூட வீட்டுக்கு ஏறக்குறைய 75 மெகாபிற் கிடைக்கும். ஸூம் வகுப்பும் நாடகமும் ஒன்றாக ஓடும் இரவு எட்டு மணிக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும். காலை பத்து மணிக்கு வேகம் அளந்து காட்டிக் கையெழுத்து வாங்குவது வியாபாரம், தொழில் அல்ல.

வாவியோரம் இன்னொரு சங்கதி உண்டு. அமைதியான நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை, நேராக வரும் அலையோடு மோதிச் சில உயரங்களில் சிக்னலை விழுங்கிவிடும். அன்ரனாவை உயர்த்த உயர்த்த நல்லது என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. குழாயில் மேலும் கீழும் நகர்த்தி அளந்த பிறகே ஆணி இறுக்க வேண்டும். மாரியில் நனைந்த மாமர இலைகளையும் கணக்கில் எடுங்கள்.

மின்சாரம் போனால்? 2022இல் நாளுக்கு 13 மணிநேர வெட்டு வந்தபோது கோபுர பற்றரிகளும் தாக்குப்பிடிக்கவில்லை. 2025 நவம்பர் டிட்வா புயலில் நாட்டின் பல இடங்களில் இழைகள் அறுந்து கோபுரங்களும் பேச்சிழந்தன. கோபுரமும் பின்னால் இழையை நம்பித்தானே நிற்கிறது. பைபர் வீட்டுக்காரர் ஒரு சிறிய 12 வோல்ட் பற்றரி வைத்தால் ரவுட்டராவது அணையாது. 2025 ஜூலையில் வந்த ஸ்டார்லிங்க் தரை இழையை நம்பாத மாற்று. ஆனால் வயல் வேலைக் குடும்பத்துக்கு அதன் விலை எட்டாது.

படுவான்கரையில் இணைப்புக் கொடுக்கும் நண்பர்கள் இரவு ஏழிலிருந்து பத்துக்குள் எடுத்த வேக அளவையும், அன்ரனா உயரத்தையும், கோபுரத் தூரத்தையும் குறித்து இவ்விதழுக்கு அனுப்புங்கள். இழையை எந்தக் கிராமத்துக்கு முதலில் கொண்டுபோக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் கேட்க, அந்த எண்கள் நம் கையில் இருக்க வேண்டும்.