நிற்க நிழல் வேண்டாமா?

சென்னையில் 1895இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டி 1953இல் நின்றது. வண்டிதான் போயிற்று; தெருவோரம் காத்து நிற்கும் ஏழையின் நிலை போகவில்லை! டிராமே காணாத திருவண்ணாமலைக்கு வந்து பாருங்கள். 2021இல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கிற்று, வரவேற்றோம். ஆனால் கூடையும் குழந்தையுமாய் அந்தத் தாய் பேருந்துக்காக எங்கே நிற்கிறாள்? சித்திரை வெயிலில், காய்ந்த தகரக் கூரையின் கீழ்! இரும்பு இருக்கையோ உட்காரவிடாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் சுற்றுகிறது. பக்தி அவரவர் விருப்பம். கால்நோவு எல்லோருக்கும் ஒன்றுதானே? 2024இல் நகராட்சி மாநகராட்சியாயிற்று. பெயர்ப்பலகை பெரிதானால் போதுமா? நிறுத்தந்தோறும் ஒரு வேம்போ புங்கனோ, அதைச் சுற்றி ஒரு கல் திண்ணை, ஒரு குடிநீர்க் குழாய், இடமிருந்தால் சிறு பூங்கா. இதற்கு அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கப்படும் என்பதை மாநகராட்சி சொல்லட்டும்.