நம்ம கண்மாய் மண்ணை யாருகிட்ட கேட்டு அள்றது?

போன ஆகஸ்ட் 15 அன்னைக்கு எங்க ஊர் கிராம சபைக்குப் போயிருந்தேன். பத்தரைக்குக் கூட்டம்னாங்க, ஆரம்பிக்கப் பதினொன்றேகால் ஆயிருச்சு. கோயில் முன்னாடி சாமியானா, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, நூறுநாள் வேலைக்குப் போற பொம்பளையாளுங்க ஒரு பக்கம். முன்வரிசையில தலைவர் இல்ல, வார்டு மெம்பர் ஒருத்தர்கூட இல்ல. இருக்கவும் முடியாது. அவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சுபோச்சு. தேர்தல் நடக்கல. வட்டார வளர்ச்சி அலுவலர்தான் அப்ப தனி அலுவலர். ஒன்றியத்துல இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல கூட்டம். அவர் என்ன, திருவிளையாடல் சிவனா, எல்லா ஊர்லயும் தோன்றுறதுக்கு?

பஞ்சாயத்து கிளார்க் தம்பிதான் தீர்மான நோட்டை வாசிச்சான். எங்க சித்தப்பா எந்திரிச்சு, “கண்மாய் மடை ரெண்டு வருசமா ஒழுகுதுப்பா, யாரு பாக்கப்போறா?”ன்னு கேட்டார்.

“எழுதிக்கிறேன் தாத்தா.”

“எழுதி யாருட்ட குடுப்ப?”

தம்பி பேனாவை மூடி வச்சுட்டுத் தரையப் பாத்தான். அவனைக் குத்தம் சொல்லி என்ன செய்ய, அவன் சம்பளக்காரன். நாங்க ஓட்டுப்போட்டு உக்கார வச்ச ஆள் யாரும் இல்லையே, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நேருக்கு நேராச் சண்டை போட.

சென்னையில, கோயம்புத்தூர்ல இருந்து இத வாசிக்கிறவங்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியலாம். ஆனா அரசியல் சட்டத்துல 243ஈ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. அஞ்சு வருசம் முடியறதுக்குள்ள அடுத்த ஊராட்சித் தேர்தலை முடிச்சிரணும்னு அதுல தெளிவாச் சொல்லியிருக்கு. இத மீறுறது முதல் தடவையும் இல்ல. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய தேர்தலை இடஒதுக்கீட்டு வழக்குல ஐகோர்ட் ரத்து பண்ணுச்சு. திரும்ப நடந்தது 2019 டிசம்பர் 27-லயும் 30-லயும். இடையில மூணு வருசத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சிதான். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லைன்னு நிதிக்குழு மானியமும் நின்னுபோச்சு. அப்ப ஆண்டது அதிமுக. எதிர்க்கட்சியா இருந்த திமுக அந்தக் காலத்துல ஊர் ஊரா ஊராட்சி சபை, மக்கள் கிராம சபைன்னு கூட்டம் போட்டுச்சு. சந்தோசம். 2025-ல அவங்க ஆட்சியிலயும் அதே தனி அலுவலர்தான். கட்சியப் பாத்துக் கோபப்படுறவன் இல்ல நான். எதிர்க்கட்சியா இருக்கையில ஒரு கொள்கை, நாற்காலியில உக்காந்தா வேறன்னு இருக்கிறதுலதான் எனக்குக் கோபம்.

இப்ப கரம்பைக்கு வாரேன்.

கரம்பைன்னா கண்மாய் அடியில படிஞ்ச வண்டல். எங்களுக்கு ஓடைக்குத் தெற்கே ரெண்டு குறுக்கம் செவக்காடு உண்டு. அதுல கரம்பை அடிச்சா மூணு வருசத்துக்கு உரச்செலவு பாதியாக் குறையும், மண்ணும் ஈரம் பிடிக்கும். எங்க அப்பா காலத்துல சித்திரையில கண்மாய் வத்தினதும் ஊர்க்கூட்டம் போட்டு, இன்னின்ன வீட்டுக்கு இத்தன வண்டின்னு பேசிக்கிருவாங்க. கண்மாயும் ஆழமாகும், காடும் தேறும். யாருக்கும் மனு எழுதுனது கிடையாது.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. சில வருசத்துக்கு முன்னாடி கரம்பைக்கு அனுமதி கேட்டு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். எந்த ஆபீஸ்னு சொல்லப்போறதில்ல. சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸ். ஒரு மேசையில இல்லாத கையெழுத்து அடுத்த மேசையில கேப்பாங்க. அனுமதி வந்த அன்னைக்கு மேற்கே மின்னிக்கிட்டிருந்துச்சு. ரெண்டாம் நாள் மழை, கண்மாய்க்குள்ள டிராக்டர் இறங்க முடியல. அந்தக் காகிதம் இன்னமும் என் டிரங்குப் பெட்டியில இருக்கு.

சட்டப்படி வண்டல் மண்ணும் சிறுகனிமம். 1959-ஆம் வருசத்துச் சிறுகனிம விதிகளுக்குள்ள வருது. ஏன் கட்டுப்பாடு வச்சாங்கன்னும் எனக்குத் தெரியும். சவுடுன்னு பேரு வச்சு மணலை அள்ளிக்கிட்டுப் போனவங்களை நானே பாத்திருக்கேன். ஆனா ராத்திரி லாரி வச்சு அள்றவனுக்கு அந்த விதி வேலியா இருந்துச்சா? சிட்டாவத் தூக்கிக்கிட்டு அலையிற என்னையத்தான அது நிறுத்துச்சு. 2024-ல இந்த அனுமதிய வட்டாட்சியரே குடுக்கலாம்னு மாத்துனாங்க, கட்டணமும் கிடையாது. நல்ல காரியம், பாராட்டணும். ஆனா அந்த அதிகாரத்த அதுக்கும் கீழ, கிராம சபைக்கே குடுத்திருந்தா என்ன கெட்டுப்போகும்? எந்த வீட்டுக்கு எத்தன குறுக்கம், எவன் மண்ணை விப்பான், எவன் காட்டுல கொட்டுவான்னு ஊருக்குத் தெரியாததா தாலுகாவுக்குத் தெரியப்போகுது?

1959-ன்னதும் இன்னொன்னு ஞாபகத்துக்கு வருது. அந்த வருசம் ஜனவரியில நாக்பூர்ல கூடுன காங்கிரஸ், நிலத்தையெல்லாம் ஒண்ணு சேத்துக் கூட்டுறவுப் பண்ணை நடத்தணும்னு தீர்மானம் போட்டுச்சு. அத எதிர்த்து ராஜாஜி அதே வருசம் சுதந்திரா கட்சியத் தொடங்கினார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்னு அவர் வச்ச பேரு இன்னைக்கும் நிலைச்சிருக்கு. கூட்டுப்பண்ணை கடைசிவரைக்கும் வரல. ஒரு கொள்கையப் பிடிச்சுக்கிட்டு எதுத்து நின்னா அரசாங்கம் பின்வாங்கும்கிறதுக்கு அது ஒரு சாட்சி.

எங்க சாத்தூர்க்காரங்க அந்தப் பக்கமா நின்னாங்கன்னு கதை விடமாட்டேன். 1957-லயும் 1962-லயும் எங்க தொகுதி எம்.எல்.ஏ. காமராஜர். எங்க தாத்தா அவருக்குத்தான் குத்துனார். நானும் மதிய உணவு சாப்பிட்டுப் படிச்சவன், அரசாங்கமே வேண்டாம்னு பேசுற வாய் எனக்கில்ல. இன்னொரு வேடிக்கையும் இருக்கு. அரசாங்கத்துக்கு எல்லை வேணும்னு பின்னாடி பேசின ராஜாஜி, 1952-ல முதலமைச்சரானப்ப மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்டு வரல. கவர்னர் நியமனத்துல மேல்சபை வழியா வந்தார். அவருக்கு அடுத்து 1954-ல வந்த காமராஜர் அந்தக் குறுக்கு வழி வேண்டாம்னு குடியாத்தம் இடைத்தேர்தல்ல நின்னு ஜெயிச்சார். அதிகாரத்துக்கு எல்லை வேணும்கிற பேச்சை ராஜாஜிகிட்டயும், ஜனங்க முன்னாடி போய் நிக்கணும்கிற பழக்கத்தைக் காமராஜர்கிட்டயும் எடுத்துக்கிட்டா நமக்கு நல்லது. அந்தக் காமராஜரையே 1967-ல சொந்த ஊர் விருதுநகர்ல 1,285 ஓட்டுல தோக்கடிச்ச பூமி இது. சரியா தப்பாங்கிறது வேற பேச்சு. ஆனா கேள்வி கேக்க எங்களுக்குப் பயமில்ல, கேக்கறதுக்குத் தேர்தல்னு ஒண்ணு நடக்கணும், அவ்வளவுதான்.

“அப்ப எல்லாக் கட்டுப்பாட்டையும் எடுத்துரலாமா? உங்க ஏரியா பட்டாசு ஆலையில என்ன நடக்குது பாத்தியா?”ன்னு மெட்ராஸ்ல இருக்கிற என் மச்சினன் போன்ல கேட்டான். நியாயமான கேள்வி. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, எங்க சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளம். அச்சங்குளத்துல 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க. கரும்புகை எங்க களத்துமேட்டுல இருந்து தெரிஞ்சது. மானாவாரி பொய்ச்சா காட்ட விட்டுட்டுக் கூலிக்குப் போற சம்சாரிக் குடும்பங்க எங்க பக்கம் உண்டு.

ஒரு அறையில எத்தன பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம்னு அங்க விதி உண்டு. 1884-ஆம் வருசத்துல இருந்தே வெடிபொருள் சட்டம் இருக்கு. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும், அறை அறையா இன்னொருத்தருக்கு உள்குத்தகை போயிருக்கும். அத வந்து பாக்க வேண்டிய கண்ணு அங்க இல்ல. உயிர் போற இடத்துல அரசாங்கம் முழுசா இருக்கணும், ராத்திரி பகல்னு பாக்காம இருக்கணும். அங்க இல்லாத அரசாங்கம் என் கரம்பை வண்டிக்குப் பின்னால வந்து நிக்குது, காட்டுப்பன்னி அழிச்ச மக்காச்சோளத்துக்குப் படம் எடுத்தியான்னு கேக்குது. மச்சினனுக்கு இதத்தான் சொன்னேன். “நீ பேசுறது சரிதான் மாமா, ஆனா எவன் கேக்கான்?”னான்.

அதனாலதான் நகரத்துல இருக்கிற உங்ககிட்ட சொல்றேன். எம்.எல்.ஏ., எம்.பி. ஓட்டுக் கேட்டு வாரப்ப எங்க ஆளுங்க ரோடும் தெருவிளக்கும் கேப்பாங்க. நீங்களும் மழைநீர் வடிகால் கேப்பீங்க. கூடவே, “ஊராட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுறப்ப சட்டசபையில நீங்க எந்தப் பக்கம் கை தூக்குனீங்க?”ன்னும் கேட்டுப் பாருங்க. உங்க பேரு எங்கயாவது இன்னும் ஊர் வாக்காளர் பட்டியல்ல இருந்தா கிராம சபைக்கு வந்து அங்கயே கேளுங்க.

மடை விசயத்துக்கு சித்தப்பா விடல. அன்னைக்கே ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, முப்பத்தியேழு பேர் கையெழுத்து, நாலு கைநாட்டு வாங்கி, தீர்மான நோட்டுல ஏத்தச் சொல்லி கிளார்க் தம்பி பக்கத்துலயே உக்காந்துட்டார். அவனும் ஏத்திட்டான். நகல் ஒண்ணு என் டிரங்குப் பெட்டியில, அந்தப் பழைய அனுமதிக் காகிதத்துக்கு மேல இருக்கு. ஐப்பசி மழைக்குள்ள மடையப் பாக்க யாரும் வரலைன்னா, சாக்குல மண்ணக் கட்டி நாங்களே அடைக்கிறதா முடிவு. மண்ணு அந்தக் கண்மாய்க்குள்ள இருந்துதான் எடுக்கணும். அதுக்கு அனுமதி கேக்கணுமான்னு சித்தப்பாட்ட கேட்டேன், முறைச்சுப் பாத்தார்.